கடலெகாயி, ஷேங்கா, கூபர்: மைசூரில் வேலைக்குச் சேர்பவருக்கு

மைசூரு ஹெப்பாள் தொழிற்பேட்டையில் உள்ள இன்ஃபோசிஸ் பயிற்சி வளாகத்துக்கோ, நஞ்சன்கூடு சாலைத் தொழிற்சாலைகளுக்கோ வந்துசேரும் தமிழ்ப் பிள்ளைகள் ஜாவாவையும் எக்செலையும் நன்றாகவே படித்துவிட்டு வருகிறார்கள். முதல் வாரம் அவர்கள் தடுமாறுவது வெங்காயத்துக்கும் வாடகை வீட்டுக்கும் காலைப் பலகாரத்துக்கும் இங்கே என்ன பேர் என்பதில்தான். சில மாதம் கழித்து அமெரிக்க வாடிக்கையாளரோடு பேச ஆரம்பித்ததும் அதே தடுமாற்றம் மறுபடி வரும். இரண்டுக்கும் ஒரே வழியில் தயாராகலாம்.

நிலக்கடலையையே எடுத்துக்கொள்ளுங்கள். அறைத்தோழர் விழுப்புரத்துக்காரர் என்றால் அவருக்கு அது மல்லாட்டை. ஈரோட்டுக்காரருக்குக் கடலைக்காய், சென்னைக்காரருக்கு வேர்க்கடலை. மைசூரிலும் பெங்களூரிலும் அது கடலெகாயி; பெங்களூர் பசவனகுடியில் கார்த்திகை மாதம் கூடும் கடலைத் திருவிழாவான கடலெகாயி பரிஷெ இந்தப் பேரில்தான் புகழ்பெற்றது. உங்கள் மேலாளர் ஹுப்பள்ளியிலிருந்து வந்தவர் என்றால் ஷேங்கா என்பார், மங்களூர்க்காரர் நெலகடலெ என்பார். அமெரிக்காவில் பொதுப்பெயர் பீநட். ஆனால் தென் மாநிலங்களில் கூபர் என்ற சொல்லும் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் தங்கள் காங்கோ மொழியிலிருந்து எடுத்துச் சென்ற சொல் அது. இவற்றில் எதுவும் பிழையில்லை, எதுவும் கொச்சையில்லை. வேலையிடத்தில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: எதிரில் இருப்பவர் எந்தப் பேரைச் சொல்கிறார்?

கன்னடத்தைத் தமிழர் எட்டிப் பிடிக்க இரண்டு படிகள் போதும். பழைய கன்னடத்தில் ப என்று தொடங்கிய பல சொற்கள் இன்று ஹ ஆகிவிட்டன. பால் ஹாலு, பத்து ஹத்து, பூ ஹூவு, புளி ஹுளி. நம் வ அங்கே ப ஆகும். பம்பரத்தின் மூன்றாவது எழுத்தைப் போல அழுத்தி ஒலிக்க வேண்டும். வா என்பது பா, வேணும் என்பது பேக்கு, வெல்லம் பெல்ல, வெண்ணெய் பெண்ணெ, வாடகை பாடிகெ. தேவராஜ மார்க்கெட்டில் நின்று இந்த இரண்டையும் காதில் வாங்கிக்கொண்டே நடந்தால், பாதிச் சொற்கள் தாமாகப் பிடிபடும். கால் கிலோவுக்கு அங்கேயும் கால்தான். முப்பது நாளில் கன்னடம் வகைப் புத்தகங்களை விட இந்தச் சந்தை நடையையே நான் முதலில் சொல்வேன்.

கேட்டதுமே புரிந்துவிட்டதாக நினைக்க வைக்கும் சொற்களில்தான் எச்சரிக்கை வேண்டும். சாரு என்பது பழச்சாறு இல்லை. ரசத்திலிருந்து மட்டன் குழம்பு வரை சாரு என்பார்கள். ஹுளி என்றால் புளிப்பு, வீட்டுச் சாப்பாட்டில் அதுவே சாம்பார். பாத் என்றால் சோறு என்று எண்ணி காரா பாத் கேட்டால் வருவது உப்புமா. கேசரியும் கேசரி பாத்தான். திண்டி என்பது காலைச் சிற்றுண்டி. அலுவலகத்தில் ‘திண்டி ஆய்தா?’ என்று கேட்டால் அது நலம் விசாரிப்பு, பதிலுக்கு நீங்களும் கேளுங்கள்.

வீடு தேடும்போது இது பணத்தையே தொடும். நமக்கு மனை என்றால் காலி நிலம். மைசூரில் மனெ என்றால் வீடு. காலி நிலத்துக்கு அங்கே சைட் என்று பேர், முப்பதுக்கு நாற்பது சைட் என்பது தினசரிப் பேச்சு. வாசலில் ‘பாடிகெகெ’ என்று பலகை இருந்தால் மாத வாடகை. ‘போக்யக்கெ’ என்றால் நம் ஊர் ஒத்தி, போக்கியம்: பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்து, மாத வாடகையின்றி இருந்து, காலிசெய்யும்போது திரும்ப வாங்குவது. இரண்டையும் குழப்பிக்கொண்டு முன்பணம் பேசப் போகாதீர்கள். பலகைகள் பெரும்பாலும் கன்னட எழுத்தில் இருப்பதால், எழுத்தைக் கற்க ஒரு வாரம் ஒதுக்குவது வீண்போகாது.

கன்னடமும் ஒரே கன்னடமில்லை. வெங்காயம் மைசூரில் ஈருள்ளி, தார்வாடில் உள்ளாகட்டி, மங்களூர்ப் பக்கம் நீருள்ளி. இதைவிட முக்கியமானது மரியாதைச் சொல். மைசூர்க்காரர் ‘பன்னி’ என்று அழைப்பார், அது ‘வாங்க’. வடகர்நாடகத்துக்காரர் ‘பர்ரி’ என்பார். புதிதாகக் கேட்பவருக்கு அது அதட்டல் போலத் தோன்றும். அதில் உள்ள ரி முழுக்க மரியாதை, கொங்குப் பேச்சின் ‘ங்க’ செய்யும் அதே வேலையைச் செய்கிறது. மேலாளர் கோபத்தில் இருக்கிறார் என்று முடிவுகட்டும் முன் அவர் ஊரைக் கேளுங்கள்.

இனி அமெரிக்கா. அங்கே ஒரே ஆங்கிலம்தான் பேசுகிறார்கள் என்ற எண்ணத்தோடு அழைப்பில் அமராதீர்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபிரெடெரிக் காசிடி தலைமையில் அமெரிக்க வட்டார வழக்கு அகராதிக்காக 1965 முதல் 1970 வரை 1,002 ஊர்களுக்கு ஆட்களை அனுப்பி, மக்களிடம் நேரில் கேட்டுச் சொற்களைத் திரட்டினார்கள். முதல் தொகுதி 1985இல் வந்தது; கடைசி எழுத்தை எட்ட 2012 ஆனது. காசிடி அதைப் பார்க்கவில்லை, 2000இலேயே காலமானார். கரிசல் சொற்களுக்கு எழுத்தாளர் கி. ராஜநாராயணன் 1982இல் அகராதி செய்ததைப் போல, ஒரு தேசத்துக்கே செய்த வேலை அது.

மளிகைச் சங்கிலிக் கடை ஒன்றுக்கு மென்பொருள் எழுதும் அணியில் நீங்கள் இருந்தால் ஊருக்கு ஊர் சொல் மாறும் இந்த விவரம் நேராகக் கைகொடுக்கும். இனிப்புக் குளிர்பானத்தை வடகிழக்கிலும் கலிஃபோர்னியாவிலும் சோடா என்பார்கள், நடுமேற்கில் பாப் என்பார்கள், தெற்கில் எந்த நிறுவனத்தின் பானமாக இருந்தாலும் கோக் என்பவர்கள் பலர். நம் ஊர் சோடாவில் இனிப்பே கிடையாது. தேடல் பெட்டியில் பாப் என்று தட்டுபவருக்குச் சோளப்பொரி மட்டுமே காட்டினால், கடை விற்பனையை இழக்கிறது. தள்ளுவண்டி பெரும்பாலோருக்குக் கார்ட், தெற்கில் பகி. பொருளுக்கு ஒரு பேர் மட்டும் பதிவுசெய்யாமல் வட்டாரப் பேர்களையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். அணியில் புதியவர் இப்படிக் கேட்டால் கவனிக்கப்படுவார்.

ஒரு சொல் ஆளின் ஊரைக் காட்டிக்கொடுத்த கதையும் உண்டு. சிறுமி ஒருத்தியைக் கடத்தியவன் எழுதிய மிரட்டல் கடிதத்தில், நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவிலுள்ள புல்பட்டைக்கு ‘டெவில் ஸ்ட்ரிப்’ என்ற சொல் இருந்தது. ஒஹையோ மாநில ஆக்ரன் வட்டாரத்துச் சொல் அது. எழுதியவன் அந்த ஊர்க்காரனாக இருக்க வேண்டும் என்று மொழியியலாளர் ராஜர் ஷை சொல்ல, சந்தேகப் பட்டியலில் இருந்த ஆக்ரன்காரர் சிக்கினார்.

நம் பக்கத்துச் சொற்களும் அங்கே புரிவதில்லை. கவர் என்று நாம் சொல்லும் கடைப் பை அவர்களுக்கு பேக், சில இடங்களில் சாக். டிக்கி என்பது ட்ரங்க். கூட்டத்தை முன்னுக்கு நகர்த்துவதற்கு நாம் சொல்லும் ப்ரீபோன் அவர்களில் பலர் கேள்விப்படாத சொல். லட்சம், கோடியை மில்லியனில் சொல்லுங்கள். மிக ஆபத்தானது டேபிள்: நம் நாடாளுமன்ற வழக்கில் ஒன்றை டேபிள் செய்தால் அவைமுன் வைக்கிறோம், அமெரிக்கர் டேபிள் செய்தால் ஒத்திப்போடுகிறார். 03/04 அவர்களுக்கு மார்ச் 4. மாதத்தை எழுத்தால் எழுதிவிடுங்கள்.

இப்படி ஊருக்கு ஊர் மாறும் சொற்களைக் கவனித்துப் பழக மைசூரை விடப் பொருத்தமான ஊர் குறைவு. 1969இல் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் மானசகங்கோத்ரியில் இருக்கிறது. செம்மொழித் தமிழுக்கான உயராய்வு மையம் 2008இல் சென்னைக்குப் போகும்வரை அங்கேதான் இயங்கியது. 1929இல் இந்த ஊரில் பிறந்த ஏ.கே. ராமானுஜன் அம்மாவிடம் தமிழும் தெருவில் கன்னடமும் அப்பாவிடம் ஆங்கிலமும் பேசி வளர்ந்து, சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

கைபேசியில் ஒரு பட்டியல் திறந்து, பொருளின் பேரை நடுவில் போட்டு, பக்கத்தில் அறைத்தோழர், கடைக்காரர், மேலாளர், வாடிக்கையாளர் என்று நான்கு கட்டம் வையுங்கள். தெரியாத பொருளைக் கண்டால் ‘இதக்கெ நிம்ம கடெ ஏனந்தாரெ?’ என்று கேளுங்கள். இதுக்கு உங்க பக்கம் என்ன சொல்வாங்க என்று பொருள். அமெரிக்கரிடமும் இதையே ஆங்கிலத்தில் கேட்டு, அவர் சொன்ன சொல்லையே அன்றைய குறிப்பு மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள்.