விருந்தாளியின் கையொப்பம்

பிற நாட்டிலிருந்து சில நாட்களுக்கு மட்டும் வந்து போகின்றவருக்கு நம் கடலையும் காட்டையும் பேணும் ஒழுக்கத்தை எப்படிக் கற்பிப்பது? பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே பசிபிக் சமுத்திரத்திலுள்ள பலாவு என்னும் சிறு தீவு நாடு இதற்கு ஒரு வழி கண்டது.

பலாவுவில் வாழ்பவர்கள் ஏறத்தாழ 18,000 பேர். 2015 ஆம் ஆண்டில் அங்கு வந்த உல்லாசப் பயணிகளோ ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகம். வந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர், அறியாதவர்கள். நீந்திக் களைத்தால் முருகைக்கற்பாறையில் கால் ஊன்றுவார்கள். முருகைக்கல் வெறும் கல் அன்று. மிகச் சிறிய கடல் விலங்குகள் கூடிக் கட்டிய வீடு. அவற்றுட் பல வருடத்துக்கு ஒரு சில சென்றிமீற்றரே வளரும். ஒருவர் மிதித்தால் சிறு தவறு. இலட்சம் பேர் மிதித்தால் பேரழிவு.

எனவே 2017 டிசம்பரில் பலாவு தன் குடிவரவு விதிகளை மாற்றியது. நாட்டுக்குள் வரும் ஒவ்வொருவரின் கடவுச்சீட்டிலும் ஓர் உறுதிமொழி முத்திரையாகப் பதிக்கப்படும். அதில் அவர் கையொப்பமிட வேண்டும். அந்த உறுதிமொழி அரசாங்கத்துக்கு அளிக்கப்படுவதன்று. பலாவுவின் பிள்ளைகளுக்கு அளிக்கப்படுவது. அதை உருவாக்க உதவியவர்களும் அப்பிள்ளைகளே. தீவுக்குச் செல்லும் விமானங்களில் ஒரு குறும்படமும் காட்டப்படுகிறது: அறியாமல் தீவைச் சேதப்படுத்தும் ஓர் இராட்சதனைச் சிறுவர்கள் திருத்துகிறார்கள்.

“செய்யாதே” என்ற பலகையைக் கடந்து போய்விடலாம். ஒரு பிள்ளைக்குக் கொடுத்த வாக்கை அப்படிக் கடந்து போக மனம் வருமா?

பிறருக்குச் சொன்னதோடு பலாவு நின்றுவிடவில்லை. மீன்கள் முட்டையிடும் காலத்தில் குலத் தலைவர்கள் சில இடங்களில் மீன்பிடியை நிறுத்திவைப்பது அங்கு பழைய வழக்கம். அதன் வழியில், 2020 ஜனவரி முதல் தன் கடற்பரப்பின் 80 வீதத்தில் வர்த்தக மீன்பிடியைத் தடைசெய்தது. முருகைக்கற்களுக்குத் தீங்கு செய்யும் இரசாயனங்கள் கலந்த வெயில் காப்புக் கிறீம்களையும் அதே மாதம் தடுத்தது. தான் கடைப்பிடிப்பதைத்தானே பிறருக்குக் கற்பிக்க முடியும்!

நிலாவெளிக்கு அருகே நமது புறாத்தீவிலும் முருகைக்கற்கள் உண்டு. பாடசாலைச் சுற்றுலாவிலோ பெற்றோருடனோ அங்கு செல்லும்போது நாமும் விருந்தாளிகளே. நம் கையில் கடவுச்சீட்டு இராது. முத்திரை குத்த அதிகாரியும் இரார். நமக்குப் பின் அங்கு வரப்போகும் பிள்ளைகளை நினைத்து, மனத்திலேனும் ஒரு கையொப்பம் இடுவோமா?