மீன் வயிற்றில் ஒரு பஸ்ஸர்

ஒரு காலத்தில் மீஞ்சூர் மார்க்கெட்டுக்குக் கூடை நிறைய மடவை கொண்டுபோனவர் என் அப்பா. இப்போது, "மொகத்துவாரம் மண்ணடிச்சுப் போச்சு, மடவ எங்கேர்ந்து வரும்?" என்கிறார். மடவை கடலில் முட்டையிடும்; குஞ்சுகள் முகத்துவாரம் வழியாகத்தான் பழவேற்காடு ஏரிக்குள் வரும்.

வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கங்கையே சாட்சி. அலகாபாத் வரை ஏறிய ஹில்சா மீன், 1975-ல் ஃபராக்கா அணை திறந்தபின் மேலே போவது மிகவும் குறைந்தது. பாரக்பூர் மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் ஹில்சாவுக்கு டேக் மாட்டி அணைக்கு மேலே விட்டிருக்கிறார்கள். ஆனால் மீன் யார் வலையிலாவது மாட்டினால்தான் தகவல். நடுவில் எங்கே போச்சு, எங்கே நின்னுச்சு? தெரியாது.

அதைச் சொல்வது ஒலி டேக். மாத்திரை போன்ற குப்பியில் பேட்டரி, சர்க்யூட், நம் லேப் பஸ்ஸரில் உள்ளதுபோல ஒரு பீசோ துண்டு. மீன் வயிற்றைக் கீறி உள்ளே வைத்துத் தைத்துவிடுவார்கள். பெரும்பாலும் 69 கிலோஹெர்ட்ஸில் தன் எண்ணைத் துடிப்புகளாக அனுப்பும். ரேடியோ அலையை உப்புத் தண்ணீர் விழுங்கிவிடும். ஒலியோ நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் ஓடும். தண்ணீரில் கட்டிய ரிசீவர் எண்ணையும் நேரத்தையும் பதிந்துகொள்ளும்.

முகத்துவாரத்துக்கு ஒரு ரிசீவர் போதாது. கடல் பக்கம் ஒன்று, ஏரிப் பக்கம் ஒன்று வேண்டும். எது முதலில் கேட்டது என்று பார்த்தால் திசை தெரியும். ஒரு சிக்கல்: டேக் எடை மீன் எடையில் 2 சதவீதத்துக்குள் இருப்பது வழக்கம். ஆகவே குஞ்சுக்கு ஆகாது, பெரிய மடவைக்குத்தான்.

அப்பாவிடம் படம் போட்டுக் காட்டினேன்.

"அந்த மீன் என் வலையில மாட்டினா?"

"டேக்கைத் திருப்பிக் கொடுக்கணும்பா."

"மீன?"