தொலைபேசிக் கம்பியும் கணிப்பொறி அட்டையும்

முன்னுரை

குரலைச் சுமப்பதற்கென்று இழுக்கப்பட்ட செம்புக் கம்பி, படத்தையும் பாட்டையும் பாடநூலையும் சேர்த்துச் சுமக்கத் தொடங்கியது அறிவியல் நமக்கு அளித்த விந்தைகளுள் ஒன்றாகும். சென்னையில் தொலைபேசி நிலையம் 1882-ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. நூறாண்டுகளுக்கும் மேலாக அந்தக் கம்பி பேச்சை மட்டுமே சுமந்தது. 1995 ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் திறந்தது. 2005 சனவரியில் பி.எஸ்.என்.எல். நிறுவனம் அதே கம்பியில் அகலப்பட்டைச் சேவையைத் தொடங்கியது.

அச்சேவையைப் பெறக் கணிப்பொறிக்கு ஒரு மோடம் வேண்டும். பெரும்பாலோர் வீடுகளில் மேசைமேல் வைக்கும் பெட்டி மோடமே இருந்தது. கணிப்பொறியின் உள்ளே செருகும் அட்டை மோடம் சிலரிடமே இருந்தது. அவ்வகை அட்டை ஒன்றை நான் ரிச்சித் தெருவில் பழைய விலைக்கு வாங்கி, 2007-ஆம் ஆண்டில் காத்திவாக்கத்திலுள்ள எங்கள் வீட்டுக் கணிப்பொறியில் பொருத்தி, சில ஆண்டுகள் பயன்படுத்தினேன். அதனைப் பொருத்தும் முறையையும், அதன் வழியே நான் கற்றுக்கொண்ட இயற்பியலையும் மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரே கம்பியில் மூன்று பாதைகள்

தொலைபேசியில் நாம் பேசும் குரல் ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களுக்குள் அடங்கிவிடுகிறது. இந்தக் குறுகிய இடைவெளியில் எவ்வளவு செய்தியை அனுப்பலாம் என்பதற்கு எல்லை உண்டு. அவ்வெல்லையை 1948-இல் கணக்கிட்டுக் காட்டியவர் அமெரிக்க அறிஞர் கிளாட் ஷானன். செய்தியின் திறன் இரைச்சலின் திறனைப்போல் ஆயிரம் மடங்கு இருந்தாலும், இந்த இடைவெளியில் நொடிக்கு ஏறத்தாழ 31,000 பிட்டுகளே செல்லும் என்பது அவருடைய வாய்பாட்டிலிருந்து கிடைக்கும் விடை. பழைய டயல்-அப் மோடங்கள் சில பத்தாயிரம் பிட்டுகளோடு நின்றுவிட்டதற்குக் காரணம் இதுவே.

ஆனால் இந்தக் குறுக்கம் கம்பியின் குணமன்று. நிலையத்தில் பேச்சுக்கென அமைந்த கருவிகளின் குணம். கம்பியோ இன்னும் உயர்ந்த அதிர்வெண்களையும் ஏற்கக்கூடியது. இதனைப் பயன்படுத்திக்கொண்டதே டி.எஸ்.எல். முறை. இதில் கம்பியின் அதிர்வெண் பரப்பு மூன்று பாதைகளாகப் பிரிகிறது. 4 கிலோஹெர்ட்ஸ் வரை பேச்சு. ஏறத்தாழ 26 முதல் 138 கிலோஹெர்ட்ஸ் வரை நம் வீட்டிலிருந்து வெளியே செல்லும் செய்தி. 138 முதல் 1,104 கிலோஹெர்ட்ஸ் வரை நம்மை நோக்கி வரும் செய்தி. நாம் அனுப்புவது குறைவு, பெறுவது அதிகம் என்பதால் வரும் பாதை அகலமாக வைக்கப்பட்டது.

இப்பரப்பு முழுவதும் 4.3125 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள 256 சிறு கூறுகளாக வகுக்கப்பட்டுள்ளது. மோடம் ஒவ்வொரு கூற்றையும் தனித்தனியே சோதித்து, அமைதியான கூற்றில் அதிகப் பிட்டுகளையும், இரைச்சல் மிக்க கூற்றில் குறைந்த பிட்டுகளையும் ஏற்றுகிறது. ஓர் எடுத்துக்காட்டு காண்போம். சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலை நேயர்கள் பலர் அறிந்தது. 720-ஐ 4.3125-ஆல் வகுத்தால் 167 வருகிறது. வானொலி அலை கம்பியில் ஏறிவிட்டால் 167-ஆம் கூற்றில் இரைச்சல் மிகும். மோடம் அக்கூற்றின் சுமையைக் குறைத்துவிட்டு மற்றவற்றைக்கொண்டு வேலையைத் தொடரும்.

அட்டையைப் பொருத்துதல்

முதலில் கணிப்பொறியை நிறுத்தி, மின்செருகியைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். பின்னர்ப் பெட்டியின் உலோகச் சட்டத்தைக் கையால் தொட்டு, உடலில் தேங்கிய நிலைமின்னை வெளியேற்ற வேண்டும். நமக்குச் சுருக்கென்றுகூடத் தோன்றாத நிலைமின் அட்டையிலுள்ள சில்லுகளைக் கெடுக்கப் போதுமானது.

மூடியைக் கழற்றினால் தாய்ப்பலகையில் வெண்ணிறமான பி.சி.ஐ. செருகுவாய்கள் தெரியும். அவற்றுள் படஅட்டைக்குச் சற்று விலகியிருப்பதைத் தேர்ந்தெடுப்பது நல்லது; வெப்பம் குறையும். அதற்கு நேரே பின்புறத்தில் உள்ள தகட்டை நீக்கி, அட்டையின் இரு முனைகளையும் ஒரே சீராக அழுத்திச் செருகித் திருகாணியால் இறுக்க வேண்டும். ஒருபுறம் மட்டும் அமிழ்ந்த அட்டை பல நாள் தொல்லை தரும்.

கணிப்பொறியை இயக்கியதும் அது புதிய உறுப்பைக் கண்டுகொண்டு டிரைவர் என்னும் இயக்கு நிரலைக் கேட்கும். அட்டையுடன் வந்த குறுந்தகட்டிலிருந்து அதனை நிறுவ வேண்டும். சில அட்டைகளுக்கு நிரலை முதலில் நிறுவிவிட்டு, அதன் பின்னரே அட்டையைச் செருக வேண்டும். ஆகையால் கையேட்டை முன்னரே படிப்பது இன்றியமையாதது. உறுப்புகளின் பட்டியலில் அட்டையின் பெயருக்கு அருகே மஞ்சள் நிற வியப்புக்குறி இல்லையென்றால் பொருத்துதல் முடிந்தது எனலாம். குறி இருந்தால், அட்டையை வேறொரு செருகுவாய்க்கு மாற்றிப் பார்ப்பது எளிய பரிகாரம்.

அடுத்தது கம்பி. சுவரிலிருந்து வரும் இணைப்பை ஸ்பிளிட்டர் என்னும் சிறு பெட்டியில் செருகினால், அது பேச்சைத் தொலைபேசிக்கும் உயர் அதிர்வெண்ணை அட்டைக்கும் பிரித்துவிடும். அதனுள் இருப்பவை மின்தூண்டிகளும் மின்தேக்கிகளுமே. அதிர்வெண் உயர உயரத் தூண்டியின் தடை உயரும் என்று நாம் வகுப்பில் படிப்பது இங்கே தொழில் செய்கிறது. வீட்டில் இரண்டாவது தொலைபேசி இருந்தால் அதற்கும் ஒரு வடிகட்டி வேண்டும்.

கம்பியைத் தொடுமுன் ஓர் எச்சரிக்கை. வாளாவிருக்கும் தொலைபேசிக் கம்பியில் 48 வோல்ட் நேர்மின்னழுத்தம் உண்டு. மணி அடிக்கும்போதோ ஏறத்தாழ 75 வோல்ட் மாறுமின்னழுத்தம் வந்து சேரும். வெறுங்கையால் தொடுவது தகாது.

எண்களை அமைத்தல்

அட்டையின் அமைப்புப் பக்கத்தில் வி.பி.ஐ., வி.சி.ஐ. என்னும் இரண்டு எண்கள் கேட்கப்படும். பி.எஸ்.என்.எல். சேவையில் அவை 0, 35 என்பனவாகும். பலர் இவற்றை மந்திரம்போல் மனப்பாடம் செய்து வைத்திருந்தனர். இவற்றின் பொருள் எளியது. செய்தி முழுவதும் 53 பைட்டு நீளமுள்ள சிறு பொட்டலங்களாகக் கட்டப்பட்டு அனுப்பப்படுகிறது. ஒவ்வொன்றிலும் 5 பைட்டு முகவரி; 48 பைட்டு சரக்கு. முகவரியில் எழுதும் பாதை எண்ணும் தட எண்ணுமே அவ்விரண்டும். சரக்கு ஏன் 48? அமெரிக்கத் தரப்பு 64 வேண்டுமென்றது; ஐரோப்பியத் தரப்பு 32 போதுமென்றது. இரண்டுக்கும் நடுவில் 48 என்று உடன்பாடு கண்டனர். அறிவியலிலும் பஞ்சாயத்து உண்டு!

அடுத்துப் பி.பி.பி.ஓ.இ. என்னும் முறையைத் தெரிவுசெய்து, சந்தாதாரர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுக்க வேண்டும். இம்முறை ஒவ்வொரு செய்தித் தொகுப்பிலும் 8 பைட்டுகளைத் தனக்கென எடுத்துக்கொள்வதால், தொகுப்பின் உச்ச அளவு 1,500-லிருந்து 1,492 ஆகக் குறைகிறது. சில தளங்கள் திறந்து சில மட்டும் திறவாமல் நின்றால் இந்த அளவைச் சரிபார்ப்பது பயன் தரும்.

இவ்வாறு செய்தி நான்கு வாயில்களைக் கடந்து நம்மை அடைகிறது. கணிப்பொறி அட்டையை அறிவது முதல் வாயில். அட்டை தொலைபேசி நிலையத்தோடு இணைவது இரண்டாவது. பெயரும் கடவுச்சொல்லும் ஏற்கப்படுவது மூன்றாவது. தளங்கள் திறப்பது நான்காவது. பழுது நேர்ந்தால் எந்த வாயிலில் தடை என்று முதலில் அறிய வேண்டும். நோயையும் அதன் காரணத்தையும் தெளிந்த பின்னரே மருந்தைத் தேடவேண்டும் என்று வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த நெறி, பொறி பழுதுபார்ப்பவனுக்கும் பொருந்தும்.

காத்திவாக்கத்துக் கம்பி

எங்கள் ஊருக்குக் கிழக்கே கடல். வடக்கே எண்ணூர்க் கழிமுகம். 1970-இல் தொடங்கிய எண்ணூர் அனல் மின்நிலையம் 2017-இல் மூடப்படும்வரை அருகிலேயே இயங்கியது. ஆலைகளும் கனரக வண்டிகளும் நிறைந்த பகுதி. சன்னல் கம்பி முதல் மிதிவண்டிச் சங்கிலிவரை இங்கே துரு ஏறாத பொருள் அரிது. செம்பு துருப்பிடிக்காது என்பர். ஆனால் உப்புக் காற்றில் அதுவும் பச்சையாகப் பூத்துவிடும்.

அட்டையைப் பொருத்திய சில மாதங்களில் இணைப்பு அடிக்கடி அறுபடத் தொடங்கியது. பழுதுநீக்கும் கடை ஒன்றில் அட்டை கெட்டுவிட்டது என்றும், புதியது வாங்குவதே வழி என்றும் கூறினர். அன்றைய என் வருவாயில் அது சிறிய தொகையன்று. எங்கள் தெருவில் இணைப்புள்ள கணிப்பொறி வேறு அதிகம் இல்லை. மேல்நிலைத் தேர்வு முடிவு பார்க்கவும், கல்லூரி விண்ணப்ப விவரம் அறியவும் பிள்ளைகள் எங்கள் வீட்டுக்கே வருவர். தேர்வு முடிவு வெளியாகும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

கடைக்காரர் சொல்லை ஏற்குமுன் அட்டையின் நிலைப் பக்கத்தில் உள்ள எண்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிவரலானேன். அவற்றுள் ஒன்று தேய்வு. நிலையத்திலிருந்து வரும் அலை வழியில் எவ்வளவு நலிந்தது என்பதை அது டெசிபலில் காட்டும். 20 டெசிபல் என்றால் திறன் நூறில் ஒரு பங்காகக் குறைந்தது; 40 டெசிபல் என்றால் பதினாயிரத்தில் ஒரு பங்கு. மற்றொன்று இரைச்சல் இடைவெளி. இணைப்பு நிலைத்து நிற்பதற்குத் தேவையானதைவிட அலை எவ்வளவு மேலோங்கி நிற்கிறது என்பதை அது காட்டும். 6 டெசிபலுக்குக் கீழே இறங்கினால் இணைப்புத் தள்ளாடும்.

இரண்டு வாரங்கள் எழுதியதில் ஓர் ஒழுங்கு புலப்பட்டது. வெயில் ஏறிய பகலில் இரைச்சல் இடைவெளி 13, 14 டெசிபல். பனி இறங்கிய விடியற்காலையிலும் மழை பெய்த மறுநாளிலும் 5 டெசிபல். அட்டையோ வீட்டுக்குள் உலர்ந்த பெட்டியில் இருப்பது. அதற்குப் பனியும் இல்லை, மழையும் இல்லை. எனவே குறை முதல் வாயிலில் இல்லை. இரண்டாம் வாயிலில், அதுவும் வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும் என்று தெளிந்தேன்.

குறிப்பேட்டை லைன்மேனிடம் காட்டினேன். அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஏணியில் ஏறி, வெளிச்சுவரில் இருந்த இணைப்புப் பெட்டியைத் திறந்தார். "சார், கார்டுல ஒண்ணும் இல்ல, ஜாயின்ட்ல உப்பு ஏறிக் கெடக்கு" என்றார். பச்சை பூத்த கம்பியை இரண்டு அங்குலம் வெட்டி எறிந்தார். புதுச் செம்பைக் கீறி, ஈரம் புகாத களிம்பு அடைத்த இணைப்பானில் கோத்து அழுத்தினார். கால் மணி நேர வேலை. மறுநாள் விடியற்காலையில் இரைச்சல் இடைவெளி 13 டெசிபல் காட்டியது. தேர்வு முடிவு வந்த நாளில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழு பேர் வரிசையில் நின்று மதிப்பெண் பார்த்துச் சென்றனர்.

இதன் காரணத்தை மாணவர்கள் எளிதில் உணரலாம். தொலைபேசிக் கம்பிகள் இரண்டும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு செல்கின்றன. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறுவதால் ஒன்றையொன்று கழித்துவிடும். ஒரு கம்பியின் இணைப்பில் மட்டும் உப்பு ஏறித் தடை கூடினால் அச்சமநிலை குலைகிறது. ஆலை இயந்திரத்தின் இரைச்சலும் வானொலி அலையும் உள்ளே நுழைகின்றன. ஈரமான உப்பு இரு கம்பிகளுக்கும் இடையே கசிவுப் பாதையையும் உண்டாக்குகிறது. பேச்சில் தோன்றும் சிறு கரகரப்பைச் செவி பொறுத்துக்கொள்ளும், மோடம் பொறுப்பதில்லை. 'போன் நன்றாகத்தானே பேசுகிறது' என்பது ஆகவே கம்பி நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது.

அட்டையின் குறையும் நிறையும்

அட்டை மோடத்துக்குத் தனி மின்னிணைப்பு வேண்டாம். மேசையில் இடம் வேண்டாம். இவை நிறைகள். ஆனால் தெருக்கம்பியை அது நேரே கணிப்பொறியின் நடுவுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. வடகிழக்குப் பருவமழையின் இடி மின்னலில் கம்பியில் எழும் மின்னெழுச்சி, பெட்டி மோடமாயின் பெரும்பாலும் அப்பெட்டியோடு போகும். அட்டையாயின் தாய்ப்பலகையையும் தாக்கக்கூடும். ஆதலால் வானம் கறுத்ததும் கம்பியைக் கழற்றிவிடுவதை வழக்கமாகக் கொண்டிருந்தேன்.

மற்றொரு குறை, இயக்கு நிரலை நம்பி வாழ்வது. விண்டோஸ் எக்ஸ்.பி.க்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-இல் நிறுத்தப்பட்டது. புதிய இயக்கமுறைக்கேற்ற நிரல் கிடைக்காத அட்டைகள், உறுப்பில் பழுதேதும் இல்லாமலே பயனற்றுப்போயின. ஈதர்நெட் கம்பியால் இணையும் பெட்டி மோடத்துக்கு இந்தத் தொல்லை இல்லை.

முடிவுரை

2004-ஆம் ஆண்டின் அகலப்பட்டைக் கொள்கை நொடிக்கு 256 கிலோபிட் வேகத்தை அகலப்பட்டை என்று வரையறுத்தது. அது 2013-இல் 512 கிலோபிட்டாகவும், 2023-இல் 2 மெகாபிட்டாகவும் உயர்ந்தது. செம்புக் கம்பியின் இடத்தைக் கண்ணாடி இழை பிடித்துக்கொண்டு வருகிறது. கண்ணாடிக்கு உப்புப் பூப்பதில்லை. மின்னலையும் அது கடத்துவதில்லை.

எனினும் நான்கு வாயில்கள் மாறவில்லை; டெசிபலும் மாறவில்லை. இழை இணைப்புள்ள வீட்டுப் பெட்டியின் நிலைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். வந்து சேரும் ஒளியின் திறன் அங்கே டி.பி.எம். அளவில் இருக்கும். -20 என்றால் ஒரு மில்லிவாட்டில் நூறில் ஒரு பங்கு. -27 என்றால் ஏறத்தாழ ஐந்நூறில் ஒரு பங்கு. -27-ஐ நெருங்கினால் இழை எங்கோ மடங்கியிருக்கலாம். அல்லது இணைப்பின் முகத்தில் தூசி படிந்திருக்கலாம்.

இணைப்பு நின்றவுடன் 'நெட் வரவில்லை' என்று மட்டும் புகார் எழுதுவதைவிட, எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த எண் எவ்வளவாக இருந்தது என்று எழுதிக் கொடுப்போமாயின் பழுது விரைவில் நீங்கும். தேவையற்ற செலவும் குறையும். அளந்து எழுதிய இரண்டு வாரக் குறிப்பு, வாங்கவேண்டியிருந்த ஓர் அட்டையின் விலையை எனக்கு மிச்சப்படுத்தியது. ஆய்வுக்கூடத்தில் நாம் பழகும் குறிப்பேடு நம் வீட்டுக் கம்பிக்கும் உதவும் என்பதை நண்பர்கள் மனத்திற்கொள்வார்களாக.