எரிமலைச் சேற்றில் மறைந்திருந்த சிவாலயம்

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவுக்குச் செல்லும் நம்மவர்கள் பிரம்பானான் பெருங்கோயிலைத் தரிசித்துவிட்டுத் திரும்பிவிடுவது வழக்கம். 47 மீற்றர் உயரமான சிவன் கோயிலைக் கண்டபின் வேறு எதற்கு என்று நாமும் எண்ணியிருந்தோம். ஆனால் யோக்யகர்த்தா நகருக்கும் பிரம்பானானுக்கும் இடையில், சம்பிசாரி என்ற கிராமத்தில் ஒரு சிறிய சிவாலயம் உண்டு. பிள்ளைகளுக்குக் கோயில் அமைப்பைக் காட்டிக் கொடுக்க மிகப் பொருத்தமான இடம் அது.

வடக்கே நிற்பது மெராப்பி எரிமலை. அது கக்கும் சாம்பலும் கல்லும் மழையில் சேறாகி ஆறுகள் வழியே சமவெளிக்கு இறங்கும். 9ஆம் நூற்றாண்டில் எழுந்த இவ்வாலயத்தை அச்சேறு மூடி, மேலே பயிர்நிலமாகிவிட்டது. 1966ஆம் ஆண்டு உழவர் ஒருவரின் மண்வெட்டி செதுக்கிய கல்லொன்றில் பட்டது. தோண்டியபோது ஆறரை மீற்றர் ஆழத்தில் கோயில் வெளிப்பட்டது. திருப்பணி நிறைவேற 1987 ஆயிற்று. ஆகவே இங்கே படியிறங்கித்தான் சுவாமியிடம் போகவேண்டும்.

மூலஸ்தானத்தில் ஆவுடையாருடன் சிவலிங்கம். அபிஷேக நீர் வழியும் கோமுகி நம் ஊரைப் போலவே வடக்கு நோக்கியிருக்கிறது. அதைத் தாங்குவது ஒரு நாகம். சந்நிதி மேற்குப் பார்த்தது. வலம் வந்தால் முதலில் வடக்கில் மகிஷனை அடக்கிய துர்க்கை, பின்புறம் கிழக்கில் பிள்ளையார். துர்க்கை நம் கோயில்களிலும் வடக்கில்தானே! தெற்கே வந்ததும் நின்று பார்க்க வேண்டும். நாம் தட்சிணாமூர்த்தியைத் தேடும் இடத்தில் தாடியும் தொந்தியுமாக அகத்திய முனிவர் நிற்கிறார். பொதிகை மலை முனிவர் என்று நாம் உரிமை கொண்டாடுபவரை ஜாவாச் சைவர்கள் சிவனின் குரு வடிவாகவே வைத்து வணங்கினார்கள்.

“இங்கே பூசை இல்லையே, இது கோயிலா?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். நித்திய பூசை இல்லைதான். ஆனால் பிரம்பானானில் நியெபி நாளுக்கு முன் இந்தோனேசிய இந்துக்கள் பெருந்திரளாக வழிபடுகிறார்கள். அங்கு வழிபாடு நடத்த வழிசெய்யும் உடன்படிக்கை 2022இல் கைச்சாத்தானது. சம்பிசாரியிலும் கைகூப்பி, மெல்லிய குரலில் ஒரு தேவாரம் பாடலாம். பழங்கல்லில் கற்பூரம் கொளுத்துவதோ பால் ஊற்றுவதோ வேண்டாம்.

புறப்படுமுன் எரிமலை எச்சரிக்கையை விசாரித்துக்கொள்ளுங்கள். மெராப்பி ஓய்ந்த மலையல்ல. 2010இல் வெடித்தபோது 300க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

மண்ணுக்குள் இன்னும் எத்தனை கோயில்களோ! 2009இல் அங்குள்ள இஸ்லாமியப் பல்கலைக்கழகம் ஒன்று நூலகத்துக்கு அத்திவாரம் வெட்டியபோது பிள்ளையாரும் சிவலிங்கமும் நந்தியும் வெளிப்பட்டன. பல்கலைக்கழகத்தார் கோயிலை இருந்த இடத்திலேயே காத்து, அதையொட்டி நூலகத்தைக் கட்டினார்கள்.