சுகமாயிருக்கும் குழந்தைக்கு ஊசி எதற்கு?

கேள்வி: என் கணவர் பீங்கான் பட்டறையில் வேலை செய்கிறார். ஒன்பது மாதம் நிறைந்த எங்கள் குழந்தை ஆரோக்கியமாகவே இருக்கிறது. ஆயினும் ஊசி போட வேண்டுமா?
– ஒரு தாய், விருத்தாசலம்

பதில்: அவசியம் போட வேண்டும், அம்மா. வியாதி வருமுன்னரே தேகத்தில் எதிர்ப்புச் சக்தியை விளைவித்து வைப்பதே தடுப்பூசியின் தத்துவமாதலால், குழந்தை சுகமாயிருக்கும் வேளையே அதற்குரிய வேளை. தட்டம்மை-ரூபெல்லா ஊசியின் முதல் தவணையை இப்போதும், இரண்டாவதை 16 முதல் 24 மாதங்களுக்குள்ளும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே போடுவார்கள். புதன்கிழமை சென்று, எடையையும் பார்த்து அட்டையில் குறித்து வாருங்கள். தடுப்பு மருந்தின் பயனைப் பாருங்கள்: இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய பிள்ளைகளைத் தெருத்தோறும் கண்டு கலங்கிய என் போன்றோர்க்கு, 2011 ஜனவரி 13-ஆம் தேதி ஹவுராவில் நோய் கண்ட ஒரு சிறுமிக்குப் பின் இயற்கையான போலியோக் கிருமி இந்நாட்டில் ஒரு குழந்தையையும் முடக்கவில்லை என்பது எத்தகைய ஆனந்தம்!

இன்னொன்று. பட்டறையின் நுண்ணிய சிலிகாத் தூசியும், மெருகுப்பூச்சில் ஈயம் கலந்திருந்தால் அதுவும், உடையோடு வீடு வந்து சேரும். ஈயம் பிஞ்சு மூளையைப் பாதிப்பது. கணவர் குளித்து உடை மாற்றிய பிறகே குழந்தையை எடுக்கட்டும். அந்த உடையை உதறாமல் தனியே நனைத்துத் துவையுங்கள்.