இரண்டாவது நிக்காஹ்: அனுமதியும் நிபந்தனையும்



"மார்க்கம் நான்கு வரை அனுமதிக்கிறதே, இரண்டாவது நிக்காஹ் செய்தால் யார் கேட்க முடியும்?" நெய்வேலி போன்ற கம்பெனி ஊர்களிலும் இந்தக் கேள்வி எழுகிறது. கேட்பவர்களில் பலர் வசனத்தின் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள்.

வசனம் சொல்வது என்ன?

அந்நிஸா அத்தியாயத்தின் 3ஆம் வசனம் அநாதைகளுக்கு நீதி செய்வது பற்றித்தான் தொடங்குகிறது. தம் பொறுப்பில் வளரும் அநாதைப் பெண்களை, உரிய மஹர் தராமல் அவர்களின் சொத்துக்காக மணந்துகொள்ள நினைத்தவர்களைக் குறித்தே இது இறங்கியது என ஆயிஷா (ரலி) அவர்கள் விளக்கினார்கள் (நூல்: புகாரி).

அன்றைய அரபுகளிடம் எண்ணிக்கைக்கு வரம்பே இல்லை. கைலான் (ரலி) அவர்கள் இஸ்லாத்தை ஏற்றபோது பத்து மனைவியர் இருந்தனர். நால்வரை மட்டும் வைத்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள் (நூல்: திர்மிதீ). ஆக, நான்கு என்பது வரம்பு. நீதி செய்ய முடியாது என அஞ்சினால் ஒருத்தியோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்ற கட்டளையும் அதே வசனத்தில்தான் இருக்கிறது.

இரு மனைவியரில் ஒருத்தியின் பக்கமே சாய்ந்தவர், மறுமையில் ஒரு பக்கம் சாய்ந்த நிலையில் வருவார் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள் (நூல்: அபூதாவூத்).

நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டப்படி நமது திருமணங்கள் முஸ்லிம் தனியார் சட்டத்தின் கீழ் வருகின்றன. எனவே முஸ்லிம் ஆணின் இரண்டாவது நிக்காஹ் பொதுவாகக் குற்றமாகாது. ஆனால் கேட்பாரே இல்லை என்று எண்ண வேண்டாம்.

முதலாவது, வேலை. மத்திய அரசு ஊழியர் மனைவி உயிரோடிருக்க மறுமணம் செய்ய, 1964ஆம் ஆண்டின் நடத்தை விதிகளின்படி அரசின் அனுமதி வேண்டும். பல பொதுத்துறை நிறுவனங்களிலும் இது போன்ற விதி உண்டு. அனுமதியின்றி மறுமணம் செய்ததால் வேலையிழந்த உத்தரப் பிரதேச அரசு ஊழியர் ஒருவர் உச்ச நீதிமன்றம் சென்றார். மதம் அனுமதிப்பது வேறு, கடமையாக்குவது வேறு என்று கூறி, 2015இல் அவருடைய வழக்கு தள்ளுபடி செய்யப்பட்டது.

இரண்டாவது, முதல் மனைவியின் உரிமை. குர்ஆன் கூறும் விதத்தில் மனைவியரைச் சமமாக நடத்தாவிட்டால், 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டப்படி அவர் விவாகரத்துப் பெறலாம். திருநெல்வேலி வழக்கொன்றில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2023இல் இதையே உறுதி செய்தது. கணவர் மறுமணம் செய்தால் அவருடன் வாழ மறுத்து ஜீவனாம்சம் கேட்கும் உரிமை முஸ்லிம் மனைவிக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1987இலேயே கூறிவிட்டது.

மறைத்துச் செய்யும் நிக்காஹ்

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், கணவருக்கு வேறு மனைவியும் இருப்பதாகச் சொன்ன முஸ்லிம் பெண்கள் 1.9 சதவீதம், இந்துப் பெண்கள் 1.3 சதவீதம். எல்லாச் சமூகத்திலும் இது குறைவுதான். ஆனால் எந்த வீட்டில் நடக்கிறதோ, அந்த வீட்டுக்கு அது நூறு சதவீதம்.

அதிலும் மறைத்துச் செய்வது பெரும் அநீதி. கம்பெனிப் பதிவேட்டில் ஒரு மனைவியின் பெயர்தான் இருக்கும். அவர் மவ்த்தான பிறகு, இன்னொருத்தி கைக்குழந்தையோடு வந்து நின்றால் அவளிடம் காட்ட என்ன சான்று இருக்கும்? 2009ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி எல்லா மதத்தினரும் திருமணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். அதையும் செய்யாதவர் இரண்டு குடும்பங்களையும் தவிக்க விடுகிறார். ஒருத்தியை அந்தரத்தில் விட்டுவிடாதீர்கள் என்ற 4:129 வசனத்தை அவர் மறந்துவிட்டார்.

ஜமாஅத்துக்கும் பொறுப்பு உண்டு. வெளியூர் மாப்பிள்ளையிடம் அவருடைய மஹல்லாவின் கடிதத்தைக் கேளுங்கள். ஏற்கனவே மணமானவர் என்றால், முதல் மனைவிக்குத் தெரியுமா, இரு வீட்டுக்கும் செலவு செய்ய வசதி உண்டா என்று விசாரியுங்கள். பதில் திருப்தி தராதவரை தஃப்தரைத் திறக்காதீர்கள். பெண்ணைப் பெற்றவர்களும் வரதட்சணை வேண்டாம் என்கிறார் என்பதற்காக விசாரிக்காமல் கொடுத்துவிடாதீர்கள்.

அனுமதியைப் பயன்படுத்த நினைப்பவர் முதலில் நிபந்தனையை நிறைவேற்றட்டும். முடியாதென அஞ்சினால் ஒருத்தியே போதும் என்பது அல்லாஹ்வின் சொல்.

நம் குடும்பங்களில் நீதியோடு நடக்கும் பாக்கியத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.