பொது அளவும் பொதுச் சார்ஜரும்

நெசவாள அங்கத்தினர் ஒருவர் சங்கத்துக்கு வந்து, 40-ஆம் நம்பர் நூல் வேண்டும் என்று கேட்கிறார். அது எந்த ஆலையில் நூற்றது என்று அவர் விசாரிக்கலாம், விசாரிக்காமலும் இருக்கலாம். 840 கஜம் நீளமுள்ளது ஒரு சிட்டம் என்றும், ஒரு பவுண்டு எடையில் அத்தகைய சிட்டங்கள் எத்தனை அடங்குகின்றனவோ அந்த எண்ணே நூலின் நம்பர் என்றும் ஏற்பட்டுள்ள கணக்கு எல்லா ஆலைகளுக்கும் ஒன்றே. ஒவ்வோர் ஆலையும் தனக்கெனத் தனிக் கணக்கு வைத்துக்கொண்டிருந்தால் என்ன நேரும்? ஓர் ஆலையின் நூலுக்கு ஏற்ப அச்சையும் விழுதையும் அமைத்துக்கொண்டவர், அந்த ஆலை விலையை உயர்த்தினாலும் அதைவிட்டு நீங்க முடியாது. பயிர்த்தொழில் செய்வோருக்கும் இது புதிய செய்தியன்று. ஊருக்கு ஒரு படியும் சந்தைக்கு ஒரு மரக்காலும் இருந்த காலத்தில் நெல் விற்றவர் பட்ட நஷ்டத்தைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1956ஆம் ஆண்டில் நிறை அளவைச் சட்டம் இயற்றப்பட்டு மெட்ரிக் முறை வந்ததன் காரணங்களில் அதுவும் ஒன்று.

பொது அளவு ஒன்றை வியாபாரிகள் தாமாகவே ஏற்படுத்திக்கொள்வார்களா, அல்லது சட்டம் தலையிட்டுத்தான் ஏற்படுத்த வேண்டுமா என்பது கூட்டுறவாளர் ஆராய வேண்டிய கேள்வி. அண்மையில் ஐரோப்பிய யூனியனில் செல்போன் சார்ஜரைப் பற்றி எழுந்த வழக்கு இதற்கு நல்ல உதாரணம். அது முடிவுக்கு வரப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

சார்ஜர் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் மூன்று பகுதிகள் உள்ளன. சுவரில் உள்ள பிளக்கில் செருகும் பெட்டி ஒன்று. அதிலிருந்து புறப்படும் கம்பி ஒன்று. அக்கம்பியின் நுனியில், செல்போனுக்குள் நுழையும் முனை ஒன்று. 2009ஆம் ஆண்டு வாக்கில் ஐரோப்பியச் சந்தையில் விற்ற செல்போன்களுக்குச் சுமார் முப்பது விதமான சார்ஜர்கள் இருந்தன. ஒரே கம்பெனியின் இரண்டு போன்களுக்கே இருவேறு முனைகள் இருந்ததுண்டு. போனை மாற்றினால் சார்ஜரையும் மாற்ற வேண்டும். பழையது மேஜை அறையில் கிடக்கும். சீனா இதில் முன்னதாகவே ஒரு வழி கண்டது. 2006ஆம் ஆண்டின் இறுதியில் அந்நாடு வெளியிட்ட தரம், பெட்டிக்கும் கம்பிக்கும் இடையேயுள்ள இணைப்பைப் பொதுவாக்கிற்று. பெட்டி ஒன்றாக இருந்தால் கம்பியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் அல்லவா? போனுக்குள் நுழையும் முனையின் பிரச்னை எஞ்சி நின்றது.

ஐரோப்பியக் கமிஷன் முதலில் சட்டத்தை நாடவில்லை. தொழில்துறைக்குப் பொறுப்பு வகித்த குந்தர் பெர்ஹாய்கன், கம்பெனிகளை அழைத்துப் பேசினார். 2009 ஜூனில் உடன்படிக்கை ஏற்பட்டது. நாளடைவில் அதில் கையெழுத்திட்ட கம்பெனிகள் பதினான்கு. மைக்ரோ-யூ.எஸ்.பி. என்ற முனையைப் பொது முனையாகக் கொள்வது என்பது தீர்மானம். பலன் இல்லாமற் போகவில்லை. முப்பது விதங்கள் என்றிருந்தவை சில ஆண்டுகளில் மூன்றாகக் குறைந்தன. அரசாங்கம் அதட்டாமலே இவ்வளவு நடந்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்த உடன்படிக்கையில் ஒரு சந்து இருந்தது. போனில் வேறு முனையை வைத்துக்கொண்டு, பொது முனையோடு அதைப் பொருத்தும் சிறு இணைப்புத் துண்டு ஒன்றைத் தனியே விற்றாலும் கையெழுத்திட்டவர் சொல் தவறியவர் ஆகமாட்டார். கையெழுத்திட்டவர்களில் ஆப்பிள் கம்பெனியும் ஒன்று. 2012 செப்டம்பரில் அது ஐபோன் 5-ஐ வெளியிட்டபோது தன் பழைய முப்பது ஊசி முனையைக் கைவிட்டு, லைட்னிங் என்ற புதிய முனையைக் கொண்டுவந்தது. அதுவும் அதற்கே உரிய முனைதான். அதற்குத் துணைப்பொருள் செய்யும் மற்றக் கம்பெனிகள் ஆப்பிளிடம் அனுமதி பெற்றுக் கட்டணமும் செலுத்த வேண்டும். துணைவிதிகள் இல்லாத சங்கத்தில் நல்லெண்ணம் உள்ளவரை காரியம் நடக்கும். ஒருவருக்கு விலகி நிற்பதில் லாபம் உண்டென்றால், அவரைக் கேட்பதற்கு எந்த விதியும் இராது.

இவ்விடத்தில் ஆப்பிளின் தரப்பையும் நேர்மையோடு கேட்க வேண்டும். மைக்ரோ-யூ.எஸ்.பி. முனையை ஒரு பக்கமாகத்தான் செருக முடியும். இருட்டில் தடுமாறித் திருப்பிச் செருகி முனையை வளைத்தவர்கள் நம்மிலும் உண்டு. லைட்னிங்கை எப்பக்கமாகவும் செருகலாம், சிறியது, உறுதியானது. 2009ஆம் ஆண்டிலேயே மைக்ரோ-யூ.எஸ்.பி.-யைச் சட்டமாக்கியிருந்தால், அதைவிட நல்ல முனை எதுவும் பிறந்திராது என்று அக்கம்பெனி வாதித்தது. சட்டம் புதுமையைக் கொன்றுவிடும் என்பது அதன் கட்சி. இது வெறும் சாக்கு என்று தள்ளிவிடத் தக்கதன்று. ஒரு காலத்தின் அறிவைச் சட்டப் புத்தகத்தில் எழுதி வைத்துவிட்டால், பின்வரும் காலத்தின் அறிவு வெளியே நிற்க நேரிடும். நெசவுத் தொழிலில் இருப்போர் இதை எளிதில் உணர்வர்.

எனினும் அவ்வாதம் பாதிதான் உண்மை என்பது நம் எண்ணம். லைட்னிங்கைப் போலவே இருபுறமும் செருகத்தக்க டைப்-சி முனை 2014ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதைத் தனி ஒரு கம்பெனி தனக்கென்று செய்துகொள்ளவில்லை. போட்டியாளர்களான பல கம்பெனிகள் ஒரு பொது அமைப்பில் கூடியிருந்து உருவாக்கியது அது. புதுமை தனியுரிமையில்தான் விளையும் என்பதற்கு இது எதிர்ச்சாட்சி. ஆப்பிளே 2015ஆம் ஆண்டில் தன் மடிக்கணினி ஒன்றுக்கும், 2018ஆம் ஆண்டில் தன் ஐபேட் புரோவுக்கும் டைப்-சி முனையை வைத்தது. கணினிக்கு நல்லதாக இருந்த முனை போனுக்கு மட்டும் ஏன் ஆகாது என்று மக்கள் கேட்டதில் நியாயம் உண்டு.

2014ஆம் ஆண்டில் ஐரோப்பிய யூனியன் இயற்றிய வானொலிக் கருவிகள் பற்றிய சட்டத்திலேயே பொதுச் சார்ஜருக்கு வழி செய்யப்பட்டிருந்தது. கமிஷனோ கம்பெனிகள் மீண்டும் தாமாக இசையும் என்று காத்திருந்தது. 2018ஆம் ஆண்டில் அங்கே விற்ற செல்போன்களில் பாதி மைக்ரோ-யூ.எஸ்.பி., 29 சதவீதம் டைப்-சி, 21 சதவீதம் லைட்னிங் என்ற நிலை. 2020 ஜனவரியில் ஐரோப்பியப் பார்லிமெண்டு பொறுமையிழந்தது. சட்டம் வேண்டும் என்ற தீர்மானத்துக்கு ஆதரவாக 582 வாக்குகளும் எதிராக 40 வாக்குகளும் விழுந்தன. 2021 செப்டம்பரில் கமிஷன் மசோதாவைக் கொண்டுவந்தது. மால்ட்டாவைச் சேர்ந்த உறுப்பினர் அலெக்ஸ் ஆஜியஸ் சாலிபா அதைப் பார்லிமெண்டில் நடத்திச் சென்றார். 2022 அக்டோபர் 4-ஆம் தேதி 602 வாக்குகள் ஆதரவாகவும் 13 எதிராகவும் விழுந்து அது நிறைவேறியது.

மசோதாவுக்குக் கமிஷன் கூறிய காரணங்களில் இரண்டைக் கவனிப்போம். உபயோகமின்றி எறியப்படும் சார்ஜர்களால் ஆண்டுக்குச் சுமார் 11,000 டன் குப்பை சேர்கிறது என்பது ஒன்று. இந்த எண் பெரிதாகத் தோன்றினும், ஐரோப்பாவில் சேரும் மின்னணுக் குப்பை முழுவதோடு ஒப்பிட்டால் சிறு பங்கே. மேலும், முனையை மாற்றினால் கைவசம் உள்ள பழைய கம்பிகள் குப்பையாகும் என்று ஆப்பிள் சொன்னதிலும் உண்மை இருந்தது. மற்றொரு காரணம், தேவையற்ற சார்ஜர் வாங்குவதில் மக்கள் ஆண்டுக்கு 25 கோடி யூரோ வரை மிச்சப்படுத்தலாம் என்பது. நமக்கு இவ்விரண்டிலும் கனமாகத் தோன்றுவது வேறு. வீட்டில் உள்ள கம்பிகளையும் பெட்டிகளையும் எண்ணிப் பார்த்து, வேறு கம்பெனிக்கு மாறத் தயங்குகிற ஒருவர், சந்தையில் முழு உரிமையோடு பேரம் பேச முடியாதவர். முதலில் சொன்ன நூல்காரரின் நிலைதான் அவர் நிலையும்.

சட்டம் வெறும் முனையின் வடிவத்தோடு நின்றிருந்தால் பயன் பாதியாகவே இருந்திருக்கும். ஏனெனில் ஒரே வடிவத்தில் பொருந்துகிற இரண்டு சார்ஜர்கள் ஒரே வேகத்தில் மின்சாரம் தர வேண்டும் என்பதில்லை. சிட்டத்தின் மேல் ஒட்டிய சீட்டு ஒன்றாயிருந்து, உள்ளே கஜம் குறைந்திருப்பது போன்றது அது. ஆகவே உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சிறிது விளக்குவோம்.

டைப்-சி முனையில் 24 தொடுமுனைகள் இருக்கின்றன. மின்சாரம் செல்வதற்கென்று சில. செய்தி செல்வதற்கென்று சில. சார்ஜரும் கருவியும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கென்றே ஒதுக்கப்பட்டவையும் உண்டு. கம்பியைச் செருகியவுடன் சார்ஜர் தன் முழு வலிவையும் செலுத்திவிடுவதில்லை. மறுபுறம் கருவி ஒன்று இருக்கிறது என்று உணர்ந்த பின்னரே 5 வோல்ட் அளிக்கிறது. பின்பு, தன்னால் 5, 9, 15, 20 வோல்ட் என்று இன்னின்ன அளவில் தர இயலும் என அறிவிக்கிறது. கருவி அவற்றுள் தனக்கு வேண்டியதைக் கேட்கிறது. சார்ஜர் இசைந்து தருகிறது. இந்தப் பேச்சு முறைக்குத்தான் யூ.எஸ்.பி. பவர் டெலிவரி என்று பெயர். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் கிடைக்கும். 5 வோல்ட்டும் 3 ஆம்பியரும் சேர்ந்தால் 15 வாட். அந்த 15 வாட்டுக்கு மேல் மின்சாரம் ஏற்றிக்கொள்ளும் கருவி எதுவாயினும் இந்தப் பொதுப் பேச்சு முறையை முழுமையாக அறிந்திருக்க வேண்டும் என்பது சட்டத்தின் கட்டளை. கம்பெனிகள் தமக்கென வேறு வேக முறையையும் வைத்துக்கொள்ளலாம்; ஆனால் அது பொது முறைக்குக் குந்தகமாக இருத்தலாகாது. நல்ல ஏற்பாடு இது. புதுமைக்குக் கதவு திறந்திருக்கிறது; அடுத்த வீட்டுச் சார்ஜரை மறுப்பதற்கான கதவு மட்டும் அடைக்கப்பட்டிருக்கிறது.

புதுமை நின்றுவிடும் என்ற அச்சத்துக்கும் சட்டத்தில் விடை உண்டு. தொழில்நுட்பம் முன்னேறும்போது, எந்தத் தரம் என்ற பகுதியை மட்டும் கமிஷன் மாற்றியமைக்கலாம். சட்டம் முழுவதையும் மீண்டும் பார்லிமெண்டில் இயற்ற வேண்டியதில்லை. மின்காந்த முறையில், கம்பியின்றி மின்சாரம் ஏற்றுவதற்கும் பொதுத் தரம் காண வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அத்துறை அப்போது இன்னும் முதிரவில்லையாதலால் கட்டாயப்படுத்தவில்லை.

செல்போன், டேப்லெட், காமிரா, ஹெட்போன், கையடக்க விளையாட்டுக் கருவி, ஒலிபெருக்கி, மின்நூல் வாசிப்பான், தட்டச்சுப் பலகை, மவுஸ் ஆகியவை இச்சட்டத்துக்கு உட்பட்டவற்றுள் சில. கம்பி வழியே மின்சாரம் ஏற்றத்தக்க இவற்றை 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பியச் சந்தைக்குப் புதிதாகக் கொண்டுவருவோர் டைப்-சி வைத்தே தர வேண்டும் என்றாயிற்று. மடிக்கணினிகளுக்குக் குறிக்கப்பட்ட நாள் 2026 ஏப்ரல் 28. ஆப்பிள் நாள் வரும்வரை காத்திருக்கவில்லை. 2023 செப்டம்பரில் வெளியான ஐபோன் 15-இல் லைட்னிங் இல்லை, டைப்-சி இருந்தது. ஐரோப்பாவுக்கு ஒரு வார்ப்பும் மற்ற நாடுகளுக்கு வேறொரு வார்ப்பும் செய்வது கட்டுப்படியாகாது ஆதலால், அது உலகமெங்கும் அவ்வாறே விற்றது. ஐரோப்பியப் பார்லிமெண்டுக்கு வாக்களிக்காத நம்மவர்களும் அதன் பலனை அடைந்தோம். இந்தியாவிலும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023 ஜனவரியில் டைப்-சிக்கான தரத்தை வெளியிட்டது. தரம் வெளியிடுவது வேறு, அதைக் கட்டாயமாக்குவது வேறு என்பதை அங்கத்தினர்கள் மறக்கலாகாது.

சட்டத்தின் மற்றொரு விதி, கருவியைச் சார்ஜர் இல்லாமலும் வாங்க வசதி இருக்க வேண்டும் என்பது. வீட்டில் சார்ஜர் வைத்திருப்பவர் மேலும் ஒன்றுக்கு ஏன் பணம் தர வேண்டும்? ஆனால் சார்ஜரை நீக்கினால் விலையை இவ்வளவு குறைத்தே தீர வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. போட்டி அதைப் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். நமக்கு இது சட்டத்தின் பலவீனமான பகுதியாகவே படுகிறது. பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்த மிச்சம் வாங்குகிறவருடைய பைக்குப் போயிற்றா, விற்கிறவருடைய பைக்குப் போயிற்றா என்று கணக்குக் கேட்க வழி இல்லை.

இனி, நம் அங்கத்தினர் கடைக்குச் செல்லும்போது உதவக்கூடிய ஒரு விஷயம். முனை ஒன்றாக இருந்தாலும் கம்பிகள் எல்லாம் ஒன்றல்ல. சாதாரண டைப்-சி கம்பி 3 ஆம்பியர் வரை தாங்கும். 20 வோல்ட்டில் அது 60 வாட். 5 ஆம்பியர் தாங்கும் கம்பியின் முனைக்குள் சிறிய சில்லு ஒன்று இருந்து, தன் தகுதியைச் சார்ஜருக்கு அறிவிக்கும். அத்தகைய கம்பிகளில் 100 வாட்டும், அதற்கென்றே செய்தவற்றில் 240 வாட்டும் செல்லலாம். மடிக்கணினிக்கு மெல்லிய மலிவுக் கம்பியைப் போட்டுவிட்டு, மின்சாரம் மெதுவாக ஏறுகிறதே என்று சார்ஜரைக் குறை சொல்வதில் பொருளில்லை. ஐரோப்பாவில் விற்கும் கருவியின் பெட்டிமேல், அக்கருவிக்குக் குறைந்த அளவு எத்தனை வாட் வேண்டும், மிகுதியாக எத்தனை வாட் ஏற்கும் என்ற இரண்டு எண்களைச் சிறு படத்துக்குள் அச்சிட வேண்டும் என்பது சட்டம். நம் கடையில் அப்படம் உள்ள பெட்டி கிடைத்தால் அவ்விரு எண்களையும், கையில் உள்ள சார்ஜரின் மேல் அச்சிட்டிருக்கும் வாட் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்க. சார்ஜரின் எண் முதல் எண்ணுக்குக் குறையாமல் இருந்தால், புதிய சார்ஜர் வாங்க வேண்டியதில்லை.